திரையை மறந்த பட்டியல்

4கே ரெசல்யூஷனில் விளையாட ஒரு கணினி அசெம்பிள் செய்ய வேண்டும் என்று 2025இல் விசாரித்தவர்களின் கைக்கு ஏறத்தாழ ஒரே பட்டியல்தான் வந்து சேர்ந்திருக்கும். ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசசர், எக்ஸ்870இ மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்5-6000 ரேம், ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டு, 1000 வாட் எஸ்எம்பிஎஸ், 360 மி.மீ. ரேடியேட்டர் கொண்ட லிக்விட் கூலர், ஐந்தாம் தலைமுறை எஸ்எஸ்டி, முன்பக்கமும் பக்கவாட்டும் கண்ணாடியாலான கேபினெட். பணம் போதவில்லை என்றால் 5090 இருந்த இடத்தில் 5080 வந்து உட்காரும். மற்றவை அப்படியே நிற்கும்.

இதை ஒரு படைப்பாகவே எடுத்துக்கொண்டு மதிப்பிடலாம். அதற்கான தகுதி இதற்கு உண்டு. தேர்ந்த சோதனையாளர்கள் ஒப்பிட்டு, கழித்து, எஞ்சியவற்றிலிருந்து உருவான பட்டியல் இது. தன் வகையில் பின்தங்கியது என்று சொல்லத்தக்க உறுப்பு ஒன்றுகூட இதில் இல்லை. ஆனால் நாம் மதிப்பிட வேண்டியது உறுப்புகளை அல்ல, அவற்றின் இயைபை. இயைபு என்று வரும்போது முதலில் கண்ணில் படும் குறை, பட்டியலில் மானிட்டர் இல்லை என்பது. எந்தத் திரைக்காக இவ்வளவும் என்ற கேள்விக்குப் பட்டியலிலேயே பதில் கிடையாது.

பாகங்களின் பொருத்தத்தைச் சோதிக்க இன்று வழக்கில் இருக்கும் முறை மிக எளிமையானது. பிராசசர் சாக்கெட்டில் உட்காருகிறதா, போர்டு கேட்கும் ரேம் வகைதானா, கார்டு கேபினெட்டுக்குள் அடங்குகிறதா, வாட் கணக்கு சரியா? இணையத்தில் கிடைக்கும் சரிபார்ப்புக் கருவிகள் இவற்றை நொடியில் சொல்லிவிடுகின்றன. இது தேவையான சோதனை, போதுமான சோதனை அல்ல. இதற்கு மேலே இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. ஒன்று, எந்த உறுப்பும் இன்னொன்றைப் பட்டினி போடாமலும் இன்னொன்றின் திறனை வீணடிக்காமலும் இருக்கிறதா என்பது. மற்றது, அத்தனை உறுப்புகளும் ஒரே நோக்கத்துக்கு உழைக்கின்றனவா என்பது. முதல் சோதனையில் இந்தப் பட்டியல் பழுதின்றித் தேறுகிறது. அடுத்த இரண்டில் எப்படி என்று பார்ப்போம்.

4கே என்பது 3840க்கு 2160, அதாவது 82,94,400 புள்ளிகள். 1080பி திரையைப்போல் நான்கு மடங்கு. 1440பி திரையைப்போல் இரண்டேகால் மடங்கு. இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். இதன் மறுபாதியான காலக்கணக்குதான் பட்டியலில் விடுபடுகிறது. 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிவிநாடி தருகிறது. 144 ஹெர்ட்ஸ் திரை 6.9 தருகிறது, 240 ஹெர்ட்ஸ் திரை 4.2 மட்டுமே தருகிறது. கூடத்து டிவியில் 60 ஹெர்ட்ஸில் கதை விளையாட்டு ஆடுபவருக்கும், மேசையில் 240 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி வைத்துப் போட்டி விளையாட்டு ஆடுபவருக்கும் 4கே என்ற ஒரே சொல் பொருந்துகிறது. ஒரே கணினி பொருந்தாது.

திரையோடு சேர்ந்து வருவது இணைப்புத் துறை. 4கே, 240 ஹெர்ட்ஸ், 10 பிட் நிறம் என்றால் சுருக்கப்படாத படத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 60 ஜிகாபிட் வேண்டும். டிஸ்ப்ளே போர்ட் 1.4 உண்மையில் சுமக்கக்கூடியது 26க்கும் சற்றுக் குறைவு. 2022 அக்டோபரில் 1,599 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 4090 இந்தப் பழைய துறையோடுதான் வந்தது. படத்தைச் சுருக்கி அனுப்பும் டிஎஸ்சி முறையை நம்பித்தான் அது 240 ஹெர்ட்ஸை எட்ட வேண்டியிருந்தது. சுருக்கத்தால் வரும் இழப்பு கண்ணுக்கு எளிதில் படாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். குறை படத்தில் அல்ல, கட்டமைப்பில்: அந்தத் தலைமுறையின் உச்சக் கார்டு, தான் வரையக்கூடிய படத்தை முழுதாக வெளியே அனுப்பும் வழியில்லாமல் விற்பனைக்கு வந்தது. 50 வரிசை இதைத் திருத்திவிட்டது. 80 ஜிகாபிட் சுமக்கும் டிஸ்ப்ளே போர்ட் 2.1 அதில் இருக்கிறது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டியில் இருப்பது 54 ஜிகாபிட் வடிவம். ஆனால் 2024இல் சந்தையைக் கலக்கிய 32 அங்குல 4கே 240 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி மானிட்டர்களில் பல டிஸ்ப்ளே போர்ட் 1.4உடன் நின்றுவிட்டவை. அத்தகைய திரையை வாங்கினால் கார்டின் புதிய துறைக்கு வேலையே இல்லை. மானிட்டர் பெயர் இல்லாத பட்டியலில் இந்த முரண் யார் கண்ணிலும் படாது.

இனி கிராபிக்ஸ் கார்டு. 2025 ஜனவரியில் வந்த 5090, 4கேயில் இன்று நிகரற்றது. இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. 21,760 கணக்கீட்டுக் கருக்கள், 32 ஜிபி ஜிடிடிஆர்7 நினைவகம், நொடிக்கு 1,792 ஜிகாபைட் நினைவக வேகம். அதற்கு அடுத்த 5080இல் 10,752 கருக்கள், 16 ஜிபி, 960 ஜிகாபைட். இந்தியாவுக்கு அறிவிக்கப்பட்ட தொடக்க விலை முன்னதற்கு 2,14,000 ரூபாய், பின்னதற்கு 1,07,000. விலை சரியாக இரண்டு மடங்கு. கருக்களும் நினைவகமும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 4கேயில் கிடைக்கும் ஃபிரேம்களோ ஒன்றரை மடங்கு அளவில் நிற்கின்றன. உச்சத்துக்குப் போகப் போக ஒவ்வொரு படியின் விலையும் கூடுவது இந்தத் துறையில் புதிதல்ல. அந்த ஒன்றரை மடங்கைக் காட்டக்கூடிய திரையும் அதைக் கேட்கக்கூடிய விளையாட்டும் உள்ளவருக்கு 5090 நியாயமான தேர்வு. பாத் டிரேசிங் முழுதாக இயங்கும் சைபர்பங்க் 2077ஐ நேட்டிவ் 4கேயில் ஓட்டினால் இந்தக் கார்டே 60 ஃபிரேமுக்கு வெகு கீழே நிற்கிறது என்பதையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். பணத்தால் மட்டும் வாங்கிவிட முடியாத ஃபிரேம்கள் இன்னும் இருக்கின்றன.

5080இன் நிலை வேறு. அதற்குக் கீழே 80,000 ரூபாய்த் தொடக்க விலையில் 5070 டிஐ நிற்கிறது. அதே 16 ஜிபி, நினைவக வேகம் 896 ஜிகாபைட், அதாவது ஏழு சதவீதம்தான் குறைவு, கருக்கள் 8,960. மூன்றில் ஒரு பங்கு விலை கூட்டிக் கொடுத்து 5080 வாங்குபவர் பெறுவது ஏறத்தாழ 15 சதவீத வேகம். 4கேயில் ஒரு கார்டின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நினைவக அளவு. 2020இல் ஆர்டிஎக்ஸ் 3080ஐ 10 ஜிபியோடு 4கே கார்டு என்று விற்றார்கள். கணக்கீட்டு வலு மிச்சமிருக்கும்போதே நினைவகம் தீர்ந்துபோய்த் திணறிய கார்டு அது. அந்த வரலாறு தெரிந்தவர், 5080க்கும் 5070 டிஐக்கும் ஒரே 16 ஜிபி என்ற செய்தியைச் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டார். இரண்டும் ஒரே காலத்தில் மூச்சு வாங்கும். 599 டாலருக்கு அறிவிக்கப்பட்ட 9070 எக்ஸ்டியும் 16 ஜிபிதான். சாதாரண வரைகலையில் 5070 டிஐக்குத் தோளோடு தோள் நிற்கும். பாத் டிரேசிங் என்று வந்தால் பின்தங்கும். ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 வந்தபின், குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் அப்ஸ்கேலிங்கின் தரத்தில் இருந்த பழைய இடைவெளி பெருமளவு குறைந்துவிட்டது. ஆதரிக்கும் விளையாட்டுகளின் எண்ணிக்கையில் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் இன்னும் முன்னால் இருக்கிறது.

அப்ஸ்கேலிங்தான் பிராசசர் பற்றிய விவாதத்தின் மையம். ஆனால் பட்டியல் போடுபவர்களும் பட்டியலை மறுப்பவர்களும் ஒருசேரத் தவறவிடுவது அதைத்தான். 4கேயில் பிராசசருக்கு வேலையில்லை, ஆகவே மலிவானது போதும் என்பது மறுப்பவர்களின் வாதம். ஆதாரமாக அவர்கள் நீட்டுவது, எல்லாப் பிராசசர்களும் ஒரே உயரத்தில் நிற்கும் 4கே வரைபடம். அந்த வரைபடத்தில் அளக்கப்பட்டது பிராசசரே அல்ல. கார்டு முழு மூச்சில் திணறும்போது பிராசசர்கள் காத்திருக்கின்றன. காத்திருப்பதில் எல்லாம் சமம். 1080பியில் உச்சக் கார்டை வைத்துப் பிராசசரைச் சோதிக்கும் முறையை, யார் 1080பியில் 5090 வைத்து விளையாடுகிறார்கள் என்று கேட்டு ஒதுக்குபவர்கள் உண்டு. முறையியலில் அந்தச் சோதனைதான் சரி. பிராசசர் தனியாக எத்தனை ஃபிரேம் தயாரிக்கும் என்பதை வேறு வழியில் அறிய முடியாது.

அந்த எண் 4கே பயனருக்கும் நேரடியாகப் பொருந்தும். புதிய, கனமான விளையாட்டுகளை நேட்டிவ் 4கேயில் ஆடுபவர் இன்று குறைவு. டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி நிலையில் 4கே திரைக்குக் கார்டு உள்ளே வரைவது 2560க்கு 1440. பெர்ஃபார்மன்ஸ் நிலையில் 1920க்கு 1080. எஃப்எஸ்ஆரிலும் விகிதம் இதேதான். ஒரு ஃபிரேமுக்குப் பிராசசர் செய்யும் வேலை ரெசல்யூஷனைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை. கார்டின் சுமை குறைந்து ஃபிரேம்கள் பெருகும்போது அத்தனை ஃபிரேமையும் தயாரித்துத் தர வேண்டிய பொறுப்பு பிராசசர் மேல் விழுகிறது. 4கே திரையில் பெர்ஃபார்மன்ஸ் நிலையில் விளையாடுபவர், பிராசசரைப் பொறுத்தவரை, 1080பி பயனர்தான்.

இந்த அளவுகோலில் 9800எக்ஸ்3டிக்கு 5090 பக்கத்தில் உள்ள இடம் முழுமையாக நியாயப்படுகிறது. 2024 நவம்பரில் வந்தது. எட்டு கரு, 96 எம்பி எல்3 கேஷ். கேஷ் சில்லு கருக்களுக்கு மேலே இருந்த பழைய அமைப்பை மாற்றிக் கீழே கொண்டுபோனதால் வெப்பம் கூலருக்கு நேராகப் போகிறது. எதிர்முகாமில் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைச் சில்லுகள் மின்னழுத்தக் கோளாறால் நிலைகுலைந்து, 2024 ஆகஸ்டில் மைக்ரோகோடு திருத்தமும் இரண்டாண்டு வாரண்டி நீட்டிப்பும் பெற்றன. அடுத்து வந்த கோர் அல்ட்ரா 9 285கே, மின்செலவில் நன்றாகவே முன்னேறியது. விளையாட்டில் தன் முன்னோடி 14900கேயைக்கூடப் பல சோதனைகளில் தாண்டவில்லை. ஆகவே ஏஎம்டியைத் தேர்ந்ததில் பட்டியலுக்குத் தவறில்லை. 5080, 5070 டிஐ கார்டுகளுக்கும் அதே பிராசசரை அப்படியே எழுதியதில்தான் சிந்தனை நின்றுபோயிருக்கிறது. அந்தக் கார்டுகள் 4கே குவாலிட்டி நிலையில் தரும் ஃபிரேம் எண்ணிக்கைக்கு 7800எக்ஸ்3டி தாராளம். 144 ஹெர்ட்ஸோடு நிறைவடையும் திரைக்கு 9700எக்ஸ்கூடப் போதும். ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையும் அதற்குப் பின்னும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி உறுதி கூறியிருக்கிறது. முதல் ரைசனுக்கு ஐந்து ஆண்டு கழித்து, 2022 ஏப்ரலில், அதே ஏஎம்4 சாக்கெட்டுக்கு 5800எக்ஸ்3டி வந்த வரலாறு அந்த வாக்குக்குத் துணை நிற்கிறது. இன்று நடுத்தரப் பிராசசரில் நிறுத்திப் பின்னால் மாற்றிக்கொள்வது இந்தச் சாக்கெட்டில் சமரசம் ஆகாது, திட்டமிடல்தான்.

பிராசசரையும் கார்டையும் தட்டச்சு செய்தால் இத்தனை சதவீதம் பாட்டில்நெக் என்று சொல்லும் கணிப்பான்கள் இணையத்தில் உண்டு. எந்த விளையாட்டு, எந்த அமைப்பு, எந்தக் காட்சி என்ற மூன்றும் இல்லாமல் சொல்லப்படும் அந்தச் சதவீதத்துக்குப் பொருள் எதுவும் இல்லை. ஃபிரேம் ஜெனரேஷனை முன்வைத்து 2025 தொடக்கத்தில் சொல்லப்பட்ட ஒப்பீடுகளும் இதே குறையுடையவை. வரையப்பட்ட ஒரு ஃபிரேமுக்கு மூன்று செயற்கை ஃபிரேம் சேர்த்தால் திரையில் அசைவு மென்மையாகும். கை அசைவுக்குக் கணினி பதில் சொல்லும் வேகம் மூல ஃபிரேமின் வேகம்தான். மதிப்பீட்டில் மூல ஃபிரேமை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும்.

மதர்போர்டில் பட்டியல் தேவைக்கு மேல் செலவழிக்கிறது. எக்ஸ்870இ கூடுதலாகத் தருவது யுஎஸ்பி4ம் மிகுதியான துறைகளும். இவை காணொளி எடிட்டிங் செய்பவருக்குப் பயன், விளையாடுபவருக்கு அரிது. பிராசசரிலிருந்து பயன்பாட்டுக்குக் கிடைக்கும் பிசிஐஇ லேன்கள் 24. எந்த போர்டு போட்டாலும் அது மாறாது. விலையுயர்ந்த சில போர்டுகளில் இரண்டாவது ஐந்தாம் தலைமுறை எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி போட்டால், கார்டின் 16 லேன் எட்டாகக் குறைகிறது. இதனால் வரும் வேக இழப்பு மிகச் சொற்பம்; பீதி தேவையில்லை. ஆனால் அதிகப் பணம் கொடுத்து வாங்கிய வசதி இன்னொரு உறுப்பின் பங்கிலிருந்து எடுக்கப்படுவது கட்டமைப்புக் குறைதான். நல்ல மின்சீராக்கப் பகுதி (விஆர்எம்) கொண்ட பி850 போர்டு போதும். பழைய இருப்பிலிருந்து பி650 வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 9000 வரிசைக்கு முந்திய பயாஸோடு அந்த போர்டு பெட்டியில் இருக்கலாம். பிராசசர் இல்லாமலே பென்டிரைவ் செருகிப் பயாஸை ஏற்றும் ஃபிளாஷ்பேக் பொத்தான் போர்டின் பின்புறம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ரேம் விஷயத்தில் பட்டியலோடு எனக்குச் சண்டை இல்லை. டிடிஆர்5-6000, சிஎல்30 என்றால் தாமதம் 10 நானோவிநாடி. ஏஎம்5இல் வேகமும் நிலைத்தன்மையும் சந்திக்கும் இடம் அதுதான். பட்டியல் சொல்லாமல் விடுவது, அது இரண்டு குச்சிகளாக இருக்க வேண்டும் என்பதை. நான்கு குச்சி போட்டால் ஏஎம்டி அதிகாரபூர்வமாக உறுதியளிக்கும் வேகம் 3600க்கு இறங்கிவிடுகிறது. இப்போதைக்கு 16 ஜிபி இரண்டு, பிறகு இன்னும் இரண்டு என்ற திட்டம் இங்கே செல்லாது. 2025இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் கொள்முதலால் ரேம் விலை கடுமையாக ஏறியபின் இந்தத் தவறு இன்னும் விலையுயர்ந்தது. குச்சிகள் உட்கார வேண்டியது பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடங்களில். ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அமைப்பைப் பயாஸில் இயக்காவிட்டால் 6000 என்று விலை கொடுத்து வாங்கியது 4800இலோ 5600இலோ ஓடிக்கொண்டிருக்கும். முதல்முறை ஆன் செய்யும்போது நினைவகப் பயிற்சிக்காகத் திரை பல நிமிடம் கறுப்பாகவே இருக்கும். பயந்து அணைத்துவிடக் கூடாது.

இப்போது பட்டியலின் மிக ஆழமான பிளவுக்கு வருவோம்: மின்சாரம். 5090இன் மின்தேவை 575 வாட். பிராசசர் உச்சத்தில் 162. மற்றவற்றைச் சேர்த்தால் 800ஐத் தொடும். 1000 வாட் எஸ்எம்பிஎஸ் என்பது என்விடியாவின் பரிந்துரையும்கூட, சரியான அளவு. பிரச்சினை அளவில் இல்லை, வாயில் இருக்கிறது. 600 வாட்டை 12 வோல்ட்டில் கொண்டுபோக 50 ஆம்பியர் வேண்டும். புதிய 16 முனை இணைப்பான் அதை ஆறு மின்முனைகளில் பிரிக்கிறது, முனைக்கு 8.3 ஆம்பியர். அந்த முனையின் தாங்குதிறன் 9 ஆம்பியரைச் சற்றே தாண்டியது. பழைய 8 முனை இணைப்பான் 150 வாட்டை மூன்று மின்முனைகளில் கொண்டுபோனது, முனைக்கு 4.2 ஆம்பியர், தாங்குதிறன் அதைப்போல் ஏறத்தாழ இரட்டிப்பு. மின்பொறியியலில் பாதுகாப்பு இடைவெளி என்பது அலங்காரம் அல்ல. அதை இவ்வளவு குறுக்கியதற்கு இடமிச்சம் தவிர வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

விளைவுகள் பதிவாகியிருக்கின்றன. 4090 விற்பனைக்கு வந்த அக்டோபர் மாதத்திலேயே உருகிய இணைப்பான்களின் படங்கள் வெளிவந்தன. முழுதாகச் செருகப்படாததே முதன்மைக் காரணம் என்று ஆய்வுகள் கூறின; 2023இல் உணர்முனைகளைக் குட்டையாக்கி 12வி-2x6 என்ற திருத்த வடிவம் வந்தது. சரியாக உட்காராவிட்டால் கார்டு மின்சாரம் இழுக்காது என்பது அதன் நோக்கம். நல்ல திருத்தம், பாதித் திருத்தம். 2025 பிப்ரவரியில் ஜெர்மனியைச் சேர்ந்த ஓவர்கிளாக்கர் ஒருவர் 5090இன் கேபிளை அளந்தபோது ஒரே கம்பியில் 20 ஆம்பியருக்கு மேல் ஓடியது. ஆறு கம்பிகளும் கார்டுக்குள் நுழைந்ததும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. எந்தக் கம்பி எவ்வளவு சுமக்கிறது என்று பார்க்கவோ பகிர்ந்தளிக்கவோ கார்டில் வழியில்லை.

இதே கணக்கைக் கீழிறக்கிப் பாருங்கள். 5080க்கு 360 வாட்; முனைக்கு 5 ஆம்பியர். 5070 டிஐக்கு 300 வாட், முனைக்கு 4.2 ஆம்பியர், பழைய இணைப்பான் தன் வரம்பில் சுமந்த அதே அளவு. 300 வாட்டில் இந்த இணைப்பான் நல்ல வடிவமைப்பு. 575இல் அதே இணைப்பான் விளிம்பில் நிற்கிறது. 9070 எக்ஸ்டி கார்டுகளில் பெரும்பாலானவை பழைய 8 முனைகளையே வைத்திருப்பதால் இந்த விவாதத்துக்கே வெளியே நிற்கின்றன. எப்படியும் 5090தான் என்பவர் செருகும்போது கையோடு நிறுத்தாமல் கண்ணால் பார்க்க வேண்டும்: இணைப்பானின் பிளாஸ்டிக் விளிம்புக்கும் கார்டின் வாய்க்கும் இடையே டார்ச் அடித்தால் வெளிச்சம் தெரியக் கூடாது. வாயிலிருந்து 35 மி.மீ. வரை கேபிள் நேராக வந்தபின்தான் வளைய வேண்டும். கண்ணாடிப் பலகை அதை அழுத்தினால் அந்தக் கேபினெட் அந்தக் கார்டுக்கு ஆகாது. சரிபார்ப்புக் கருவி பச்சை காட்டினாலும் ஆகாது.

எஸ்எம்பிஎஸ் தேர்வில் 80 பிளஸ் கோல்டு முத்திரையைத் தரச்சான்றாக எடுத்துக்கொள்வது பரவலான பிழை. அது சிக்கனத்தின் அளவு; திடீர்ச் சுமையைத் தாங்குமா என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது ஏடிஎக்ஸ் 3.0, 3.1 தரங்கள்: நூறு மைக்ரோவிநாடிக்குத் தன் அளவைப்போல் இரட்டிப்புச் சுமையைத் தாங்க வேண்டும் என்பது அதில் நிபந்தனை. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றக்கூடிய கேபிளைப் புதியதில் செருகும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைகளின் வரிசைக்குப் பொதுத் தரம் கிடையாது. கச்சிதமாகப் பொருந்தும் கேபிள் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட்டை அனுப்பி எஸ்எஸ்டியை எரித்துவிடும். நம் வீடுகளில் வழக்கமாக உள்ள 600 விஏ யுபிஎஸ் தருவது 360 வாட் அளவுதான். விளையாட்டின் நடுவில் கரண்ட் போனால் 5090 கணினியை அது ஒரு நொடிகூடத் தாங்காது.

வெப்ப விஷயத்தில் பட்டியலின் முன்னுரிமை தலைகீழாக இருக்கிறது. விளையாட்டின்போது நூறு வாட்டைக்கூட அரிதாகத் தொடும் பிராசசருக்கு மூன்று விசிறி ரேடியேட்டர். 575 வாட்டைக் கேபினெட்டுக்குள்ளேயே கொட்டும் கார்டுக்கு முன்பக்கக் கண்ணாடி. ஏப்ரல், மே மாதங்களில் ஏசி இல்லாத அறை 35 டிகிரியைத் தாண்டும் சென்னையிலும் மதுரையிலும் இது அழகுக்காகச் செய்யப்படும் விலைமிக்க பிழை. சென்டிமீட்டரும் கணக்கில் வரும். 400 மி.மீ. கார்டு அடங்கும் என்று எழுதிய கேபினெட்டில் முன்னால் ரேடியேட்டர் பொருத்தினால் 27 மி.மீ. அதற்கும் 25 மி.மீ. விசிறிக்கும் போய் 348 மிஞ்சும். உச்சக் கார்டுகளில் சில 357 நீளம். முன்பக்கம் வலைக்கண்ணாக உள்ள கேபினெட், 165 மி.மீ. உயரக் காற்றுக் கூலர், முன்னால் மூன்று பெரிய விசிறி: இவை 9800எக்ஸ்3டிக்கும் போதும், கார்டுக்கும் உயிர் தரும். காற்றுக் கூலரில் பழுதாவதற்கு விசிறியைத் தவிர வேறெதுவும் இல்லை.

ஐந்தாம் தலைமுறை எஸ்எஸ்டி பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நொடிக்கு 14 ஜிகாபைட்டுக்கும் 7 ஜிகாபைட்டுக்கும் உள்ள வேறுபாடு விளையாட்டு திறக்கும் நேரத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதே பணத்தில் நான்காம் தலைமுறையில் இடத்தை இரட்டிப்பாக்கலாம்.

ஆகவே என் தீர்ப்பு இது. 5090 பட்டியல் உறுப்புகளில் முதல் தரம், தொகுப்பில் இரண்டாம் தரம். டிஸ்ப்ளே போர்ட் 2.1 உள்ள 240 ஹெர்ட்ஸ் 4கே ஓஎல்இடியோடு, கண்ணாடிக் கேபினெட்டையும் லிக்விட் கூலரையும் எக்ஸ்870இ போர்டையும் கழித்துவிட்டுப் பார்த்தால் அது முதல் தரத்துக்கு உயரும். இணைப்பானின் குறை மட்டும் அப்போதும் எஞ்சும், அது வாங்குபவரால் திருத்த முடியாதது. 5070 டிஐ அல்லது 9070 எக்ஸ்டி, 7800எக்ஸ்3டி, பி850, இரண்டு குச்சி ரேம், காற்றுக் கூலர், 850 வாட் ஏடிஎக்ஸ் 3.1 எஸ்எம்பிஎஸ், மிச்சப் பணம் முழுதும் மானிட்டருக்கு என்ற தொகுப்பு எந்த ஒரு வரைபடத்திலும் முதலிடம் பிடிக்காது. ஆனால் அதன் எந்த உறுப்பும் இன்னொன்றோடு முரண்படவில்லை. 4கே கணினி கேட்கும் பெரும்பாலோருக்கு நான் பரிந்துரைப்பது இதையே. உச்சப் பட்டியலில் 5090ஐ மட்டும் எடுத்துவிட்டு 5080ஐச் செருகிய வடிவம் மூன்றிலும் பலவீனமானது: உச்சத்தின் செலவெல்லாம் அதில் இருக்கிறது, உச்சத்தின் நினைவகம் இல்லை. ஏற்கெனவே 4090 வைத்திருப்பவர்கள் இந்தத் தலைமுறையில் எதையும் வாங்க வேண்டியதில்லை. கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இணைப்பான் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று இன்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.